மஞ்சள் விளக்கு எரிந்த வண்டி

என் கணவர் கண்டிக்கும் ஹேவாஹெட்டவுக்கும் இடையில் பஸ் ஓட்டியவர். அந்தப் பாதையின் வளைவுகளுக்கெல்லாம் அவரிடம் சொந்தப் பெயர்கள் உண்டு. பல்லு டொக்டர் வளைவு, மாடு விழுந்த வளைவு, மாமியார் வளைவு. மாமியார் வளைவு எது என்று என் அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். இவரும் கடைசிவரை சிரித்துச் சமாளித்தார்.

நான் கண்டி நகரில் ஒரு பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறேன். வீடு தலாத்துஓயாவில். வீட்டுக் கணக்கு என்னுடையது, ஓட்டுவது அவருடையது என்று கல்யாணமான புதிதிலேயே வேலைகள் பிரிந்துவிட்டன. வாய் மட்டும் இருவருக்கும் பொது. அதிலும் எனக்குக் கொஞ்சம் கூடுதல் என்று மகள் சொல்வாள்.

சீனி வருத்தம் அவருடைய இடது கண்ணைப் பிடித்ததும் பஸ்ஸை விட வேண்டியதாகிவிட்டது. கண் கிளினிக்கில் டொக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: ஆட்களை ஏற்றிக்கொண்டு பெரிய வாகனம் ஓட்டக் கூடாது; சின்ன வண்டி என்றால், பகல் நேரத்தில், பழகிய பாதையில், தவறாமல் கண்ணைக் காட்டிக்கொண்டு ஓட்டலாம். இவர் தலையை ஆட்டிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து, கழற்றிய சட்டையை மடக்கக்கூட மறந்து, வெகுநேரம் கதிரையில் உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டாத மனிதராக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

வெளிநாட்டில் தாதியாக வேலை செய்யும் மகள்தான் ஒரு வழி சொன்னாள். ஜப்பானிலிருந்து வரும் சில சின்ன வண்டிகள் முன்னால் ஆளோ வாகனமோ வந்தால் தாமாகவே பிரேக் பிடிக்குமாம்.

"அப்படியான வண்டி எடுத்தா அப்பா ஓட்டட்டும். இல்லாட்டி சாவிய அம்மா வாங்கி வச்சுக்கங்க. நான் இங்க நிம்மதியா டியூட்டி செய்ய வேணாமா?" என்றாள். அதில் பேரம் பேச இடமில்லை. வாய் விஷயத்தில் அவள் என் மகள்தான்.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு வண்டி விற்கும் இடத்துக்குப் போனோம். அங்கிருந்த பையன் வெறும் காட்போட் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்து, எங்களை வண்டியில் ஏற்றி, நேராகப் பெட்டிகளை நோக்கி விட்டான். இரண்டு கால்களையும் தூக்கி எங்களுக்குக் காட்டினான். நான் "மாதாவே" என்று கத்திவிட்டேன். வண்டி கீச்சென்று கூவி, தானாக நின்றது. எங்கள் தலைகள் ஒருமுறை முன்னால் போய்த் திரும்பி வந்தன. கண்ணாடியின் உச்சியில், நடுவில் இருந்த ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைக் காட்டி, "இதுதான் கெமரா. இதுதான் ரோட்டைப் பார்க்கும்" என்றான் பையன்.

"பயந்தாங்கொள்ளி வண்டி," என்றார் இவர். ஆனாலும் அவருக்குப் பிடித்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. ஸ்டியரிங்கை ஒரு சுற்று தடவிப் பார்த்தாரே, அதிலேயே தெரிந்தது.

வண்டி வீட்டுக்கு வந்த வாரமே கோயிலுக்குக் கொண்டுபோய் ஃபாதரைக் கொண்டு ஜெபம் சொல்லி மந்திரிப்பித்தோம். தீர்த்தம் தெளிக்கும்போது ஃபாதர் டயர்களையும் விடவில்லை. அங்கிருந்து இவர் நேரே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டிக்கர் கடைக்குப் போனார். அவர் ஓட்டிய ஒவ்வொரு பஸ்ஸின் முன்கண்ணாடியிலும், உச்சியில், நீலப் பட்டி ஒன்று ஒட்டி, அதில் வெள்ளை எழுத்தில் 'மாதாவே துணை' என்று போடுவது அவர் வழக்கம். எங்கள் பாதையில் அப்படி ஒன்று இல்லாமல் எந்தப் பஸ்ஸும் இறங்காது. முருகன் துணை, புத்த பகவானின் துணை, அல்லாஹ்வின் துணை, ஏதோ ஒரு துணை இருந்தாக வேண்டும். கடைக்காரர் பழக்கத்தில் பஸ்ஸுக்கு வெட்டுகிற அகலத்திலேயே பட்டியை வெட்டிவிட்டார். பெரிய கண்ணாடிக்கு வெட்டியதைச் சின்னக் கண்ணாடியில் ஒட்டினால் எப்படி இருக்கும்!

"வண்டிக்கு முக்காடு போட்ட மாதிரி இருக்கு," என்றேன்.

"மாதாவுக்கு எடம் குடுத்தா அவ நமக்கு எடம் குடுப்பா. ஏறுங்க டீச்சரம்மா," என்றார்.

மறுநாள் காலையில்தான் அந்த மஞ்சள் விளக்கைப் பார்த்தோம். மீட்டருக்குள் ஒரு சின்ன வண்டியின் படம். கீழே பூச்சி பூச்சியாக ஜப்பான் எழுத்து. முதல் நாள்வரை அது எரிந்ததாக இருவருக்கும் நினைவில்லை.

"இது என்னங்க?"

"பிரேக் காவல்காரன். எரியுது பாருங்க, முழிச்சிருக்கான்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் வீட்டில் அயன் பொக்ஸின் விளக்கு எரிந்தால் கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம். ஃபிரிட்ஜின் விளக்கும் அப்படித்தான். எரிகிற விளக்கைப் பார்த்து யாராவது சந்தேகப்படுவார்களா? அதோடு, வண்டியை இயக்கியவுடன் ஒரு ஜப்பான் பெண் குரல் இனிமையாக ஏதோ சொல்லும். நாங்கள் அதற்கும் பழகிவிட்டோம். "சரிம்மா, போயிட்டு வர்றோம்," என்று நான் பதில் சொல்வேன். மறுமொழி சொல்லாவிட்டால் அவள் மனம் நோகும் என்பது போல இவரும் ஒருமுறை தலையாட்டுவார்.

அந்த வண்டியில் அவர் தினமும் காலையில் என்னைப் பாடசாலையில் இறக்கிவிட்டு, பிற்பகல் வந்து ஏற்றிக்கொண்டு போனார். நன்றாகத்தான் இருந்தது. அம்பிட்டிய இறக்கத்தில் ஏரி தெரிகிற இடத்தில் கொஞ்சம் வேகம் குறைப்பார். நான் பார்ப்பதற்காகத்தான் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஆனால் ஒரு புதுச் சண்டை எங்களுக்குள் தொடங்கியது. நாய் குறுக்கே வந்து வண்டி நின்றால், ஓட்டோ ஒன்று சட்டென்று மூக்கை நுழைத்து வண்டி நின்றால், நான் கேட்பேன்:

"இப்ப பிடிச்சது நீங்களா, வண்டியா?"

"நான்தான்."

"இல்ல, வண்டிதான். நீங்க அந்தப் பக்கம் பார்க்கவே இல்ல."

"டீச்சரம்மா, கால் என்னோடது."

"எரியுற விளக்கு வண்டியோடது."

விளையாட்டாகத்தான் தொடங்கினேன். மகளும் தொலைபேசியில் இதையே கேட்பாள்: "இன்னைக்கு வண்டி எத்தன தரம் அப்பாவ காப்பாத்திச்சு?" கொஞ்சக் காலம் போனதும் இவர் மறுப்பதை விட்டுவிட்டார். "வண்டியாத்தான் இருக்கும்," என்பார். பின்னர் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். அவ்வளவு காலம் பஸ் ஓட்டிய மனிதருக்குத் தன் காலின் மேல் இருந்த நம்பிக்கை எப்போது கழன்றது என்று எனக்குத் தெரியவில்லை.

மழை விட்ட ஒரு பிற்பகலில் அது நடந்தது. தலாத்துஓயா கடைத்தெருவில், எங்களுக்கு இடது பக்கம், ஒரு பஸ் நின்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. நாங்கள் அதைக் கடந்துகொண்டிருந்தோம். பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து ஒரு பாடசாலைப் பிள்ளை, வெள்ளைச் சீருடையில், குடையை விரிப்பதும் மடக்குவதுமாகப் பாதையில் இறங்கிவிட்டாள். வண்டி நின்றது. என் கைப்பை காலடியில் போய் விழுந்தது. பிள்ளை பொனட்டில் ஒரு கையை வைத்து, எங்களை ஒரு பார்வை பார்த்து, குடையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடிப்போனாள். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள்.

இவர் வண்டியை எடுக்கவில்லை. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. முகத்தில் இரத்தமே இல்லை.

"நான் அவள காணல," என்றார். "வண்டிதான் கண்டுச்சு."

எப்படியோ வீட்டுக்கு வந்தோம். வண்டியை நிறுத்தியதும் சாவியை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவரே மடக்கிவிட்டார். கோபமில்லை.

அதற்குப் பிறகு நான் பஸ்ஸில் போய் வந்தேன். அவரும் கிளினிக்குக்குப் பஸ்ஸில் போனார், தான் ஓட்டிய அதே பாதைப் பஸ்ஸில். கொண்டக்டர் சிங்களப் பையன் அவரைக் கண்டதும் முன் சீட்டில் இருப்பவரை எழுப்பி, "மாமா, மெஹென் வாடிவென்ன" என்று இடம் கொடுப்பான். இவர் அங்கே உட்காராமல் பின்னால் போய்விடுவார். முன்னால் உட்கார்ந்தால் பாதை தெரியுமே. வீட்டில் வாரத்துக்கு ஒருமுறை வண்டியைக் கழுவித் துடைப்பார், உள்ளே மட்டும் ஏறமாட்டார். யாராவது விசாரித்தால் ஒரே பதில்: "அந்த வண்டி இல்லாட்டி அந்தப் புள்ள இன்னைக்கு இல்லைங்க." ஒரு பிள்ளையைக் கொல்லப் பார்த்தவன் என்று தன்னைத் தானே முடிவுகட்டிக்கொண்டு அவர் சாப்பிட்டார், தூங்கினார், பூசைக்குப் போனார். நற்கருணை வாங்க எழும்பாமல் பின்வரிசை வாங்கிலேயே உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமைகளும் உண்டு.

இனி நான்தான் ஓட்ட வேண்டும் என்று முடிவெடுத்தேன். இந்த வயதில் சாரதிப் பயிற்சிக்குப் போனது பாடசாலை முழுவதற்கும் பகிடியாகிவிட்டது. பரீட்சையில் பாஸாகிவிட்டேன் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். எத்தனையாவது தடவையில் என்பது வேண்டாம்.

வெகுநாள் சும்மா நின்ற வண்டி கிளம்பவில்லை. மடவளையில் ஜப்பான் வண்டிகள் பார்க்கிற கராஜ்காரர் ஒருவரைத் தெரியும், அவருடைய மகளுக்கு நான் கணக்குப் படிப்பித்திருக்கிறேன். அவர் புது பெற்றரியோடு வீட்டுக்கே வந்தார். அன்று இவர் கிளினிக்குக்குப் போயிருந்தார். பெற்றரியை மாட்டி வண்டியை இயக்கியதும் ஜப்பான்காரி பேசினாள்.

"என்ன சொல்றா அவ?" என்றேன்.

"அது டீச்சர், அங்கத்த ஹைவேல காசு கட்டுற கார்ட்ட போடல்ல எண்டு சொல்லுது." சிரித்தவர் மீட்டரைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "இந்த மஞ்ச லைட்டு எப்பயிலிருந்து எரியுது?"

"வண்டி வந்த வாரத்துல இருந்தே. பிரேக் காவல் வேல செய்யுதுன்னுதானே அது?"

"வேல செஞ்சா அது எரியாது டீச்சர். கெமராவுக்கு முன்னுக்கு ஒண்டும் தெரியல்ல எண்டுதான் எரியுது." கீழே இறங்கி, வெளியே நின்று, கண்ணாடியின் உச்சியைத் தட்டிக் காட்டினார். நீலப் பட்டி. சரியாக நடுவில், 'துணை' என்ற எழுத்துகளுக்குப் பின்னால், அந்தக் கறுப்புப் பெட்டி. "இத ஒட்டின நாள்லயிருந்து இது குருடுதான். பிரேக் ஒரு நாளும் தானா புடிச்சீக்காது."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். இதற்குப் பெரிய கணக்கு ஒன்றும் வேண்டாம். பட்டி ஒட்டியது வண்டி வந்த வாரம். பிள்ளை பாதையில் இறங்கியது அதற்கு எவ்வளவோ பின்னால். அன்றைக்கு வண்டி எதையும் காணவில்லை. நாய்களையும் காணவில்லை, ஓட்டோக்களையும் காணவில்லை. நின்ற ஒவ்வொரு தடவையும் நிறுத்தியது அவர்.

"கழட்டவா டீச்சர்?" என்றார் கராஜ்காரர்.

"வேணாம். இருக்கட்டும்," என்று அனுப்பிவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், எனக்குப் பயம். கிளினிக் காகிதங்களைப் பார்ப்பவள் நான். இடது கண் இன்னும் மங்கியிருந்தது, வலது கண்ணிலும் தொடங்கியிருந்தது. உண்மையைச் சொன்னால் "அப்ப நான் ஓட்டலாம்தானே" என்று சாவியைக் கேட்பார். கேட்டால் என்னால் மறுக்க முடியுமா? சொல்லாவிட்டால், செய்யாத ஒரு பாவத்தைச் சுமந்துகொண்டே அந்த மனிதர் மிச்ச வாழ்நாளைக் கழிப்பார். இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தேன். மறைத்துவிடுவது என்றுதான் முடிவு செய்தேன்.

அந்த முடிவு தேத்தண்ணி குடிக்கிற நேரம்வரைதான் தாங்கியது. கிளினிக்கிலிருந்து வந்தவர், வண்டி சரியாகிவிட்டது என்று நான் சொன்னதும், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"நல்லா பாத்துக்கங்க அத. அது இல்லாட்டி அந்தப் புள்ள இன்னைக்கு இல்ல."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "வாய மூடுங்க! அந்த வண்டி ஒரு மண்ணையும் பார்க்கல்ல! ஒங்க மாதா பட்டி அது கண்ண மறைச்சிட்டு இருந்திச்சு, மொதல் வாரத்துல இருந்தே! மஞ்ச லைட்டு எரிஞ்சது கண்ணு தெரியலன்னு!"

கத்திய பிறகுதான் நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

அவர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "அப்ப யாரு பிரேக் அடிச்சது?"

"வேற யாரு? நீங்கதான்."

எழும்பி வெளியே போனார். பட்டியைப் பார்த்தார். விரலால் அந்தக் கறுப்புப் பெட்டி இருக்கும் இடத்தைத் தொட்டார். பிறகு கதவைத் திறந்து சாரதி ஆசனத்தில் உட்கார்ந்தார். நான் வாசலில் நின்றேன், சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. அவர் வண்டியை இயக்கவில்லை. பிரேக்கை மட்டும் மிதித்தார், விட்டார், மறுபடி மிதித்தார். கண்களை மூடிக்கொண்டிருந்தார்.

"சப்பாத்து," என்றார்.

"என்ன?"

"வெள்ளைச் சப்பாத்து, ரெண்டு. பஸ்ஸுக்கு அடியில தெரிஞ்சிச்சு. நின்ன பஸ்ஸ தாண்டுறப்ப அடியில கால் தெரியுதான்னு பாக்குறது நம்ம பழக்கம்தானே. மொதல் நாள்ல இருந்தே அப்படித்தான் பாக்குறேன்." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "நான் கண்டேன் புள்ள. நான் அவள கண்டேன்."

கல்யாணமான புதிதில் என்னைப் 'புள்ள' என்று கூப்பிடுவார். டீச்சரம்மா ஆன பிறகு அது நின்றுபோயிருந்தது.

சாவியைக் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வெந்நீரும் ஒரு பழைய சவர பிளேட்டும். பட்டியின் ஓரத்தை நனைத்து நனைத்து, கண்ணாடியில் கீறல் விழாமல், அவரே சுரண்டி எடுத்தார். நீலம் போனதும் வண்டியை இயக்கச் சொன்னார். மஞ்சள் விளக்கு கொஞ்ச நேரம் எரிந்து, அணைந்தது. இருண்டுபோன மீட்டரைப் பார்த்து இருவரும் சிரித்தோம். இப்போதுதான் அது விழித்திருக்கிறதாம்.

"நீங்க ஓட்டணும்னு கேக்கலையா?" என்றேன். கேட்காமல் இருந்திருக்கலாம். என் வாய்.

"கண்ணு போகுதுன்னு எனக்குத் தெரியாதா? ஓட்டமாட்டேன்." பிளேட்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே சொன்னார், "ஓட்டாம இருக்கிறது வேற. இவ்வளவு நாளா நான் அதுக்கா அழுதேன்?"

அடுத்த ஞாயிறு நற்கருணைக்கு முதல் ஆளாக எழும்பிப் போனார்.

இப்போது நான் ஓட்டுகிறேன், அவர் எனக்கு இடது பக்கம் உட்கார்ந்து வருகிறார். 'மாதாவே துணை' சின்ன எழுத்தில் பின்கண்ணாடிக்குப் போய்விட்டது. வண்டி இப்போது எதற்கெடுத்தாலும் கூவுகிறது. வளைவில் எதிரே பஸ் வந்தால் கூவுகிறது, மதிலைக் கண்டால் கூவுகிறது. கோடே இல்லாத எங்கள் பாதையில் கோட்டைத் தேடிக் குழம்பிப்போகிறது. சில நாடுகளில் சாரதியே இல்லாமல் வண்டிகள் ஓடத் தொடங்கிவிட்டன என்று மகள் படம் அனுப்பினாள். வெறும் ஆசனத்தின் முன்னால் ஸ்டியரிங் தானாகச் சுற்றியது. இவர் அதை ஆர்வமாக இரண்டு தரம் பார்த்தார்.

"நல்லாத்தான் ஓடுது," என்றார். "பஸ்ஸுக்கு அடியில பாக்குமான்னு கேளுங்க."

மகளுக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றாள்.

போன கிழமை கடைத்தெருவில் அதே இடத்தில் ஒரு பஸ் நின்றிருந்தது. நான் கடக்கப் போனேன். பக்கத்தில், பிரேக்கே இல்லாத இடத்தில், அவருடைய வலது கால் தொம்மென்று தரையை மிதித்தது. அந்தச் சத்தத்துக்கே நானும் மிதித்துவிட்டேன். வண்டி நின்றது. பஸ்ஸின் முன்னாலிருந்து ஒரு வயோதிபர் மரக்கறிப் பையோடு வெளியே வந்து, எங்களைப் பார்க்காமலே பாதையைக் கடந்து போனார்.

வண்டி அதற்குப் பிறகுதான் கூவியது.